கடவுச்சீட்டில் விழும் முத்திரை அனுபவமாகுமா?

வெளிநாட்டுக் கல்லூரிகளில் வணிக முகாமைத்துவப் பட்டப்பின் படிப்பை நாடும் எமது இளைஞர்களின் மனத்தில் ஒரு பயம் விதைக்கப்பட்டு வருகிறது. 'சர்வதேச அனுபவம் இல்லையேல் இடமில்லை' என்பதே அது. கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை, காலி வீதியின் இரு மருங்கிலும் கல்வி ஆலோசனை நிலையங்களின் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. அவற்றுட் சில இந்தப் பயத்தையே மூலதனமாக்கி வியாபாரம் நடத்துகின்றன.

அண்மையில் என்னிடம் யோசனை கேட்டு வந்த இளைஞர், தேயிலைத் தரகு நிறுவனமொன்றில் ஐந்தாண்டுகள் பணியாற்றியவர். கொள்ளுப்பிட்டியிலுள்ள ஆலோசனை நிலையமொன்றில், "வெளிநாட்டு அனுபவம் போதாது, டுபாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு குறுகியகாலப் பயிற்சியை முடித்துக்கொண்டு வாருங்கள்" என்றார்களாம். கட்டணத்துக்காக யாழ்ப்பாணத்துக் காணியை ஈடுவைக்கத் தந்தையார் ஆயத்தமாகிவிட்டார். "என்ன செய்யலாம், ஐயா?" என்று கேட்டார். காணியில் கைவைக்க வேண்டாம் என்றேன். அதற்கான காரணங்களைப் பகிரங்கமாகவே எழுதிவிடுகிறேன்.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு தொடங்கியது. ஈராக்குக்கும் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் செல்லும் தேயிலைக்கு இங்கேதான் விலை தீர்மானமாகிறது. கொரோனா முடக்கத்தின்போது, 2020 ஏப்ரலில், அந்த ஏலம் இணையவழிக்கு மாறியது. ஈரானுக்குக் கொடுக்கவேண்டிய எண்ணெய்க் கடனைத் தேயிலையாகத் தீர்ப்பதென 2021 டிசம்பரில் உடன்பாடு காணப்பட்டது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. இத்தனையையும் தொழிலுக்குள் நின்று கண்ட ஒருவருக்குச் சர்வதேச வணிகம் தெரியாது என்றால், அது தெரிந்தவர் யார்? வங்குரோத்தான ஒரு நாட்டில் கொள்வனவாளரின் நம்பிக்கையைக் காப்பாற்றிய அனுபவம், டுபாய் ஹோட்டல் மண்டபத்தில் ஆறு வாரம் அமர்ந்திருந்து பெறக்கூடியதா?

கல்லூரிகள் இதைக் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. அந்நியரோடு சேர்ந்து வேலை செய்யத் தெரிந்தவரா, தன் ஊர் வழக்கமே உலக வழக்கம் என்று நினைப்பவரா என்று அறிய விரும்புகிறார்கள். பிரான்சின் இன்சியாட் கல்லூரி தன் எம்.பி.ஏ. மாணவரிடம் நெடுங்காலம் மூன்று மொழிகளைக் கோரி வந்தது. காலையில் சிங்களத்திலும், நண்பகலில் ஆங்கிலத்திலும், மாலையில் தமிழிலும் தொழில் பார்க்கும் கொழும்பு இளைஞர் இந்தச் சோதனையில் தோற்பவரல்லர். அதைத் தன் தகுதியாக எழுதவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு விடயமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்து மாணவருக்கு, 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தின் கீழ், அயல்நாட்டில் ஒரு பருவம் படிப்பது பஸ் ஏறுவதைப் போன்றது. எமது மாணவரோ வங்கி மீதிச் சான்றிதழோடு விசாவுக்கு வரிசையில் நிற்கிறார். படித்து முடித்தபின் தங்கி வேலை செய்யும் உரிமையை ஐக்கிய இராச்சியம் 2012இல் நிறுத்திற்று. 2021இல் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் திரும்பி வந்தவர்கள் திறமை குறைந்தவர்களா? பயணத்தை மட்டும் எண்ணும் அளவுகோல், பாதி வேளையில் கடவுச்சீட்டின் நிறத்தையும் தகப்பனாரின் பணத்தையுமே அளக்கிறது.

கடல் கடப்பது வீண் என்று நான் வாதிடவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களை எண்ணிப் பாருங்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர், அடுத்தாளாக உயர்ந்து, பின்னர் கொழும்பிலோ இரங்கூனிலோ பினாங்கிலோ மூன்றாண்டுத் தவணைக்கு முகவராக அமர்ந்தார். முதலாளியின் பணத்துக்கும் பேரேட்டுக்கும் அவரே பொறுப்பாளி. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவிக்க வேண்டும். அவரை உருவாக்கியது அந்தப் பொறுப்பு. கப்பல் பயணச்சீட்டுக்கு அந்த வல்லமை கிடையாது. இந்த அளவுகோலால் பார்த்தால், டோஹாவில் களஞ்சியப் பொறுப்பாளராகப் பத்து நாட்டவரை வைத்து வேலை வாங்கும் மட்டக்களப்பு இளைஞரும் சர்வதேச அனுபவம் உடையவரே. அவரை எமது கொழும்பு நிறுவனங்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இலண்டனில் ஓராண்டு படித்துவிட்டு வந்தவருக்கோ நாற்காலி காத்திருக்கிறது. அபத்தம் அங்கே மட்டும் இல்லை, இங்கேயும் இருக்கிறது.

ஆகவே விண்ணப்பிக்கும் தம்பி, தங்கையருக்குச் சொல்வது இதுதான். எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று பட்டியலிட வேண்டாம். எந்த நாட்டவரோடு எதைத் தீர்மானித்தீர்கள், எவ்வளவு பணத்துக்குப் பொறுப்பாக நின்றீர்கள், எங்கே சறுக்கினீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள். உண்மையான வேலை கிடைத்தால் தாராளமாகக் கடல் கடவுங்கள். சான்றிதழில் ஒரு வரி கூடுவதற்காக மட்டும் காணியை ஈடுவைக்கச் சொல்பவர், தன்னுடைய அனுபவத்தைத்தான் வளர்த்துக்கொள்கிறார்.