கிணற்றடியில் ஒரு பாடம்

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் திருவெள்ளறை இருக்கிறது. புண்டரீகாட்சப் பெருமாள் கோவிலால் புகழ் பெற்ற ஊர். அங்கே ஒரு பழைய கிணறு உண்டு. நான்கு பக்கமும் படிக்கட்டு. மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக் வடிவம்! ஒரு துறையில் குளிப்பவரை அடுத்த துறையில் இருப்பவர் பார்க்க முடியாது.

பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவர் வெட்டிய கிணறு இது. வயது சுமார் 1,200 ஆண்டு.

மனித உரிமை, குடிமக்கள் கடமை என்று பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் நடத்துகிறார்களே, அந்தப் பாடம் முழுவதையும் இந்தக் கிணற்றைக் காட்டியே சொல்லிவிடலாம். எப்படி?

கிணறும் சட்டமும்

முன்பெல்லாம் நம் நாட்டில் பல ஊர்களில், பொதுக் கிணறு எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற ஊரின் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க, 1927-ல் அம்பேத்கர் பெருங்கூட்டத்தைத் திரட்டிப் போக வேண்டியிருந்தது.

1950-ல் அரசியல் சட்டம் வந்தது. பொதுக் கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை ஆகியவற்றில் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அதன் 15-வது பிரிவு. இது உரிமை.

1976-ல் அதே சட்டத்தில் கடமைகளும் சேர்ந்தன. பொதுச் சொத்தைக் காக்க வேண்டும். நம் பண்பாட்டின் வளமான பாரம்பரியத்தைப் பேண வேண்டும். இது கடமை.

கிணற்றில் இறங்குவது உரிமை. அதில் குப்பை போடாதிருப்பது கடமை. அடுத்தவர் இறங்கும்போது தடுக்காதிருப்பதும் கடமைதான்!

மார்க் போதுமா?

இவையெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் படிக்கிறார்கள். மார்க்கும் வாங்குகிறார்கள். ஆனால் நடந்தது என்ன?

2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ்-2 மாணவன் ஒருவன், வீடு புகுந்து வெட்டப்பட்டான். அவன் தங்கையும் வெட்டுப்பட்டாள். பிடிபட்டவர்களில் அவனோடு படித்த மாணவர்களும் இருந்தார்கள்! நாடே திடுக்கிட்டது.

தமிழக அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக் கூடாது என்பது அவருடைய யோசனைகளில் ஒன்று.

நல்ல யோசனை. ஆனால் கையில் உள்ள கயிற்றை அவிழ்ப்பது சுலபம். மனதில் உள்ள கயிறு?

யார் அவிழ்ப்பது?

முதலில் ஆசிரியர். மாணவர்களை அடிக்கக் கூடாது என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு உரிமைப் பாடம் நடத்தினால், பிள்ளை பிரம்பைத்தான் படிக்கும்.

அடுத்து கல்லூரிகள். நாளைய ஆசிரியரும் அதிகாரியும் அங்கேதான் உருவாகிறார்கள். மனித உரிமை அவர்களுக்குப் பட்டம் வாங்க மட்டும் உதவும் பாடமாக இருந்துவிடக் கூடாது.

கடைசியாகப் பெற்றோர். வீட்டுக்கு வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் வைத்தால், பள்ளியில் பத்து வருஷம் படித்தது ஒரு நிமிஷத்தில் அழிந்துவிடும்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைத் திருவெள்ளறைக்கு அழைத்துப் போங்கள். கிணற்றைக் காட்டுங்கள். "இது யாருக்குச் சொந்தம்?" என்று கேளுங்கள்.

"எல்லாருக்கும்" என்று பதில் வந்தால், பாடம் மனதில் பதிந்துவிட்டது என்று அர்த்தம்!