மாட்டுத்தாவணியில் ஏறினால் போர்ச்சுக்கல்



போன இதழில் போர்ச்சுக்கல் நாட்டுக் கடற்கரை ஊர்களைப் பற்றி நாலு பக்கம் போட்டிருந்தோம். எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம் என்று விவரமாகத்தான் இருந்தது. இதழ் கடைக்குப் போன மூன்றாம் நாள், நம் மதுரை ஆனையூர்க்காரர் ஒருவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பிறகு நிதானமாகக் கேட்டார்: "எல்லாம் சரி சார். கண்மாய்க்கரையில குடியிருக்கிறவன் அங்க எப்பப் போயி எப்பச் சாப்பிடுறது? பஸ்ல போற தூரத்துல ஒண்ணு சொல்லுங்க."

அவர் கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் அப்படி ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறது. மதுரை மாட்டுத்தாவணியில் திருச்செந்தூர் பஸ் ஏறி, அங்கிருந்து குலசேகரன்பட்டினம் வழியாக இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் போனால் மணப்பாடு. கடலுக்குள் மூக்கை நீட்டியதுபோல ஒரு மணல்மேடு, அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், கீழே வள்ளங்கள், ஊருக்குள் வெள்ளைக்காரன் சாடையில் பழைய வீடுகள். 1540-ல் புயலில் அடிபட்டுக் கரை சேர்ந்த போர்ச்சுக்கீசியக் கப்பலின் தலைவன், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து அந்த மேட்டில் நட்டான் என்பது ஊர் வழக்கு. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அவர் தங்கியதாகச் சொல்லும் குகை மேட்டின் அடியில் இருக்கிறது. கோயில் எழுந்தது 1581-ல். பெர்னாண்டோ, மச்சாடோ, கொரைரா, மிராண்டா என்று இந்தக் கரையின் குடும்பப் பெயர்களைப் படித்தாலே பாதி லிஸ்பன் வந்துவிடும்.

நான் முதல்முறை போனபோது மதியம் மூன்று மணி. பசி. போர்ச்சுக்கீசிய ஊர், கடற்கரை, மீன் என்று மனசுக்குள் ஒரு தட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு இறங்கினேன். கிடைத்தது டீயும் நாலு பன்னும். தப்பு ஊர்மேல் இல்லை. மணப்பாடு ஓட்டல்களை நம்பிப் போகிற ஊர் இல்லை, வீட்டில் உலை வைத்துச் சாப்பிடுகிற ஊர். அடுத்தமுறை, தெரிந்தவர் ஒருவர் வீட்டில் முதல் நாளே சொல்லிவைத்துவிட்டுப் போனேன். காலையில் கரைக்கு வந்த சாளை, பதினோரு மணிக்கெல்லாம் தேங்காய் அரைத்து மாங்காய் போட்ட குழம்பாகிவிட்டது. அயிரை மீன் குழம்புக்குச் சொத்தையே எழுதிவைக்கும் மதுரைக்காரன் நான். அன்று அயிரையைக் கொஞ்ச நேரம் மறந்திருந்தேன் என்பதை எங்கள் வீட்டில் யாரும் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஆகவே, எங்கே சாப்பிடுவது என்ற கேள்விக்கு மணப்பாட்டை மட்டும் சொன்னால் பட்டினிதான். வழி முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். நேர் பஸ்ஸை விட்டுவிட்டு, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடியில் இறங்குங்கள். சாயங்காலம் இறங்கினால் நல்லது. அந்த ஊரில் 'நைட் கிளப்' என்று யாராவது கூப்பிட்டால் பதறவேண்டாம், அது பரோட்டாக் கடை. எண்ணெயில் பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு அதன் தலையில் சால்னாவை ஊற்றுவார்கள். விருதுநகர்க்காரர்கள் இது எங்கள் சொத்து என்று சண்டைக்கு வரலாம். அந்த வழக்கில் நான் சாட்சி சொல்வதாக இல்லை.

மறுநாள் காலை டபிள்யூ.ஜி.சி. சாலைப் பக்கம் பேக்கரிகளில் மக்ரூன். தூத்துக்குடி மக்ரூனைப் போர்ச்சுக்கீசியர் கொடுத்துவிட்டுப் போனது என்று சொல்பவர்கள் உண்டு. பிரஞ்சு மக்ரோனோடு பெயர் ஒட்டும், ஆள் வேறு. அங்கே பாதாம், இங்கே முந்திரி. முட்டையின் வெள்ளைக் கருவைச் சீனியோடு நுரை நிற்கும் வரை அடித்து, பொடித்த முந்திரியைச் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் காயவிடுகிறார்கள். வாயில் போட்டதும் மொறுக்கென்று உடைந்து, உள்ளே லேசாக ஒட்டி, காணாமல் போய்விடும். செய்முறை யார் கொடுத்ததோ, முந்திரி மட்டும் சந்தேகமில்லாமல் அவர்கள் கொண்டுவந்ததுதான். பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த மரம் அது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மணப்பாட்டில் போர்ச்சுக்கீசியச் சாப்பாடு என்று தனியாக எதையும் தேடாதீர்கள், நான் தேடி ஏமாந்தவன். அவர்கள் கொண்டுவந்ததெல்லாம் ஆனையூரில் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. மிளகாய் இந்த மண்ணுக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில், அவர்கள் கப்பலில்தான். அதற்குமுன் நமக்குக் காரம் என்றால் மிளகு. அன்னாசி, கொய்யா, பப்பாளி என்று பழக்கடையில் கேட்கும்போது அவர்கள் சொல்லைத்தான் நம் வாய்க்கு ஏற்ற மாதிரி சொல்கிறோம். பழத்தை வைக்கிற மேசையும், பக்கத்து அலமாரியும், அதைப் பூட்டுகிற சாவியும் அந்தப் பாஷைதான். போர்ச்சுக்கலில் அவர்கள் உப்பிட்டுக் காயவைத்த காட் மீனை ஊறவைத்துச் சமைக்கிறார்கள். நாம் கருவாட்டை ஊறவைக்கிறோம். லிஸ்பனில் ஜூன் மாதம் அந்தோணியார் திருநாளுக்குத் தெருவெல்லாம் சாளை சுடுகிற புகை. அந்த அந்தோணியார் பிறந்ததே லிஸ்பனில்தான். மணப்பாட்டுக்குத் தெற்கே உவரியில் அவருக்குக் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்கள், அவரை உவரிக்காரர் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

வழிக்குத் திரும்புவோம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் தாமிரபரணியைத் தாண்டினால் ஆத்தூர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை இங்கே விளைகிறது. ஒரு கவுளி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், சாப்பாட்டுக்குப் பின்னால் அதற்கு வேலை இருக்கிறது. அடுத்து காயல்பட்டினம். அங்கே யாராவது கல்யாணத்துக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். களறிச் சாப்பாடு என்று நெய்ச்சோறு, களறிக்கறி, கத்தரிக்காய் மாங்காய், கடைசியில் புளியாணம் வரும். கல்யாணம் இல்லாத ஆளுக்குச் சாயங்காலத்தில் சூடான வாடா உண்டு. வடை அல்ல, வாடா.

குடிக்க? போர்ச்சுக்கல் கட்டுரையில் ஒயினுக்கே அரைப்பக்கம் போயிருந்தது. மணப்பாட்டில் திராட்சை ரசம் பூசைக்கு மட்டும். அங்கே நமக்கான பானம், ஊருக்கு மேற்கே உடன்குடித் தேரிக்காட்டுப் பனைகளில் தொங்குகிறது. விடிவதற்குமுன் ஏறி இறக்கிய பதனி. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிந்ததால் புளிக்காது, போதையும் ஏறாது. பனையோலையை மடித்த பட்டையில் ஊற்றி, நுங்கை வழித்துப் போட்டு நீட்டுவார்கள். பட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஓரத்தில் வாய் வைத்துக் குடிக்க ஒரு பழக்கம் வேண்டும். முதல்முறை என் சட்டை பாதியைக் குடித்தது. வெயில் ஏறிய பிறகு கேட்டால் இருக்காது. மீதிப் பதனி அடுப்பேறி, காய்ந்து கெட்டியாகி, சிரட்டையில் ஊற்றப்பட்டுக் கருப்பட்டியாகியிருக்கும். உடன்குடிக் கருப்பட்டிக்கும் அதே 2023-ல் குறியீடு கிடைத்தது. சீனி கலக்காததா என்று கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். சுக்குத் தட்டிப் போட்ட சில்லுக்கருப்பட்டி, பஸ்ஸில் திரும்பும்போது வாயில் அடக்கிக்கொள்ள.

ஒரு சங்கடம் உண்டு. பதனி இறங்குகிற காலத்தில்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பெரிய மீன் வரத்து அப்போது குறைந்துவிடும். மணப்பாட்டுக் கரையில் வள்ளங்கள் போய்வருவதால் சாளைக்கும் நெத்திலிக்கும் பஞ்சமில்லை. சீலாவும் சிங்கி இறாலும்தான் வேண்டும் என்பவர்கள் தை மாதம் போகலாம், பனங்கிழங்கும் கிடைக்கும். பதனி கிடைக்காது. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாளை ஒட்டிப் போனால் கோயிலைப் பார்க்கலாம், சோற்றுக்கு இடம் பிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

எப்போது போனாலும் காலையில் கரையில் நில்லுங்கள். வள்ளம் கரையேறி, வலை உதறி, மீனைக் கூறு கட்டியதும் ஒருவர் விலை சொல்ல ஆரம்பிப்பார். ஏலம். இந்தச் சொல்லும் போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தது என்று தமிழ் அகராதி சொல்கிறது. சொல்லைக் கொண்டுவந்தவர்களை 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியிலிருந்து துரத்திவிட்டார்கள். கரையில் கூவல் மட்டும் நிற்கவில்லை. நான் கேட்ட அன்று ஒரு கூடைச் சாளைக்கு இரண்டு பெண்கள் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போனார்கள். தோற்ற அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னய்யா பாக்க, ஏத்திக் கேளும்" என்றார். கூடையை வைத்து நான் என்ன செய்வது!

அலுவலகத்துக்கு வந்த அந்த வாசகரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க எப்ப சார் அடுத்து போறீங்க?" என்றார். நான் பதனிக் கட்சி. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்கி, மலைக்குத் திரும்பிய மறுநாள் காலை ஐந்து மணிக்கு மாட்டுத்தாவணியில் இருப்பேன். பட்டையில் குடிக்கத் தெரியாதவர்கள் மாற்றுச் சட்டையோடு வரவும்.

அன்புடன்,
ஆசிரியர்