மழைக்கு முன்பே மாடிக்குப் போங்க! - வீட்டுக்கு ஒரு வருட காலண்டர்

போகிக்கு ஒட்டடை அடிப்பது, ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைப்பது. பல குடும்பங்களில் வீட்டுப் பராமரிப்பு இத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால், வீட்டைப் பாதிப்பது கண்ணில் படும் தூசி அல்ல. மொட்டை மாடி வெடிப்பும், சன்ஷேடில் முளைத்த அரசங்கன்றும், யாரும் திறந்தே பார்க்காத மெயின் பாக்ஸும்தான். எந்த மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

தை - மாசி: ஈரத்தைக் குறித்து வையுங்கள்

மழை ஓய்ந்த கையோடு ஒவ்வொரு அறையிலும் சீலிங்கையும் சுவர் மூலைகளையும் பாருங்கள். ஈரத் திட்டுகளை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். கோடையில் காய்ந்துவிட்டால், எங்கே ஒழுகியது என்பதே மறந்துபோகும். ஈரம் காயாத சுவரில் அவசரமாக அடிக்கும் பெயின்ட் சில மாதங்களில் உப்பி உரியும். பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்றாலும், கசியும் சுவரைக் கோடை வரை விட்டுவைப்பதே நல்லது.

பங்குனி - வைகாசி: ரிப்பேருக்கு ஏற்ற காலம்

தட்டோடு பதித்த மாடியில் இணைப்புகள் விட்டிருந்தால் இப்போதே பூசுங்கள். வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு காய்ந்த தளத்தில்தான் நன்றாகப் பிடிக்கும்.

முக்கியமாக, சீலிங்கில் சிமென்ட் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை வெளியே தள்ளும். அதன் மேல் பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பது ஆபத்தை மறைக்குமே தவிர, தடுக்காது. பொறியாளரிடம் காட்டி சரிசெய்யும் வரை அதன் கீழே கட்டிலோ தொட்டிலோ வேண்டாம்.

ஆனி - ஆவணி: ஆடிக் காற்று

கைப்பிடிச் சுவரில் வைத்த பூந்தொட்டிகளைக் கீழே இறக்குங்கள். தகரக் கூரை, டேங்க் மூடி, டிஷ் ஆன்டெனா எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மின்கம்பியில் உரசும் கிளையை நீங்களே வெட்டாமல், மின்வாரியத்தில் சொல்லுங்கள்.

புரட்டாசி: தவறவிடக் கூடாத மாதம்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் மாடியில் சருகை அள்ளி, மழைநீர்க் குழாய்களில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தமிழகத்தில் 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டி பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கிறது. ஜல்லியை எடுத்துக் கழுவிப் போட்டாலே போதும், நீர் இறங்கும்.

மெயின் பாக்ஸில் ஆர்.சி.சி.பி இருந்தால் 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். அந்தக் கருவியே இல்லையென்றால் பொருத்திவிடுங்கள். மின்கசிவின்போது உயிரைக் காப்பது அதுதான்.

ஐப்பசி - மார்கழி: வாரம் ஒரு நாள்

டெங்கு கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால், வாரம் ஒருமுறை ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்தும் கழுவுங்கள். ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் தாங்கும். சுவர் நனைந்திருந்தால் அதிலுள்ள சுவிட்சைத் தொட வேண்டாம் என்று குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

வாடகை வீடா? போட்டோவுடன் ஹவுஸ் ஓனருக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள். சிறு வெடிப்பாக இருக்கும்போதே சொன்னால், செலவு அவருக்கும் குறைவு, நிம்மதி உங்களுக்கும்!