ஏழாம் கட்டளையும் புல்வெளி வீடும்

அமெரிக்காவில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய நம் பங்கின் அன்பர் ஒருவர், பங்கு நூலகத்துக்கென ஒன்பது ஆங்கில நூல்களை எம்மிடம் கொண்டுவந்து கொடுத்தார். முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைகள் படிக்கட்டும் என்பது அவர் விருப்பம். "சாமி, கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். தீயது என்று ஒரு வரி கிடையாது" என்றார். யாம் கண்ணைத் திறந்துகொண்டே படித்தோம். அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. அதனாலேயே இக்கட்டுரையை எழுத நேர்ந்தது.

லாரா இங்கல்ஸ் வைல்டர் என்னும் அம்மையார் எழுதிய 'லிட்டில் ஹவுஸ்' வரிசை நூல்கள் அவை. 1867-இல் விஸ்கான்சின் மாநிலக் காட்டுப் பகுதியில் பிறந்த இவர், தம் அறுபத்தைந்தாம் வயதில், 1932-இல், முதல் நூலை வெளியிட்டார். 1943-க்குள் எட்டு நூல்கள் வந்தன. ஒன்பதாவது, அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1971-இல் அச்சேறியது. ஒரு நூல் கணவர் அல்மான்சோவின் சிறுவயதைச் சொல்வது. ஏனையவை லாராவின் சொந்தக் கதை. தந்தை சார்ல்ஸ், தாய் கரோலின், பெண்மக்கள் மேரி, லாரா, கேரி, பின்னர் பிறந்த கிரேஸ். கூண்டு வண்டியில் ஏறி மேற்கே மேற்கே என்று போய், புதுநிலம் திருத்திக் குடியேறிய எளிய உழவர் குடும்பம்.

இந்நூல்களின் நலத்தை மறைத்தால் யாமே பொய்ச்சான்று சொன்னவராவோம். மரம் வெட்டி அடுக்கி வீடு எழுப்பும் விதம், கிணறு தோண்டுகையில் மெழுகுதிரியை உள்ளே இறக்கி நச்சுக்காற்று உண்டா என்று பார்க்கும் விதம், வெண்ணெய் கடைதல், இரவில் தந்தை வாசிக்கும் பிடில் என்று ஒவ்வொன்றும் கையால் தொட்டுணரும்படி எழுதப்பட்டுள்ளது. ஒரு கிறிஸ்துமசுக்கு, பெருக்கெடுத்த ஓடையை நீந்திக் கடந்து அண்டை வீட்டு எட்வர்ட்ஸ் பரிசு கொண்டுவருகிறார்: ஆளுக்கொரு தகரக் குவளை, ஒரு மிட்டாய்க் குச்சி, ஒரு சிறு இனிப்பப்பம், ஒரு காசு. அதைக் கண்டு அச்சிறுமியர் அடையும் பேருவகையைப் படித்தபின், டிசம்பர் மாதத்தில் நாம் கடைகடையாய் ஏறி இறங்குவதை எண்ணி வெட்கமே வருகிறது. 1880-81 குளிர்காலத்தில் தக்கோட்டாப் பகுதியில் பனிப்புயலால் இரயில் நின்றுபோக, காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரத்தில் கோதுமையை அரைத்தும், உலர்புல்லை முறுக்கி விறகாக எரித்தும் உயிர் பிழைத்ததைச் சொல்லும் நூல் 1940-இல் வந்தது. எம் கருத்தில் ஒன்பதிலும் அதுவே மேலானது.

பின் எதைக் குறை சொல்ல வருகிறோம்?

நம் கத்தோலிக்க இல்லங்களில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் கையில் ஒரு நூலைக் கொடுக்குமுன், ஆறாம் கட்டளைக்கு மாறாக ஏதேனும் அதில் இருக்கிறதா என்று துருவித் துருவிப் பார்ப்போம். இல்லையெனில் நூல் தூயது என்று முத்திரை குத்திவிடுவோம். ஏழாம் கட்டளையின் நினைவு நமக்கு வருவதே இல்லை. களவு என்றால் இருட்டில் சுவரேறிக் குதிப்பவன் செய்வது என்றே மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டோம். பட்டப்பகலில், மனைவி மக்களோடு, இறைவேண்டல் செய்துகொண்டே ஒரு குடும்பம் பிறர் நிலத்தில் வீடு கட்டுமானால், அதைக் களவு என்று அடையாளம் காண நமக்குத் தெரியவில்லை.

1935-இல் வெளிவந்த 'லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி' என்னும் நூல் அத்தகைய வீட்டின் கதை. 1869-இல் இங்கல்ஸ் குடும்பம் கான்சாஸ் மாநிலத்தின் தென்கிழக்கே, இண்டிபென்டன்ஸ் ஊருக்கு அருகில், குடிசை கட்டிற்று. அந்நிலம் ஒசேஜ் என்னும் பழங்குடி மக்களுக்குரியது. 1865-இல் செய்த உடன்படிக்கையால் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தபின் அவர்களுக்கென எஞ்சிய ஒதுக்கீட்டு நிலம் அது. அதில் வெள்ளையர் எவரும் குடியேறச் சட்டம் இடம் தரவில்லை. லாராவுக்கு அப்போது வயது இரண்டு. நூலிலோ ஆறு வயதுச் சிறுமியாய் வருகிறார். வயதைக் கூட்டியதில் குற்றமில்லை, கதைதானே. கதைக்குள் வைத்த நியாயம்தான் வேறு.

நூலின் ஓரிடத்தில் யாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். ஓர் இரவு, அரசு இந்தப் பழங்குடியினரை மேற்கே அனுப்பிவிடும் என்றும், வெள்ளையர் வந்து நிலத்தை எடுத்துக்கொள்வர் என்றும் தந்தை சொல்கிறார். இது அவர்களுடைய நாடல்லவா, போகச் சொன்னால் அவர்களுக்குச் சினம் வராதா என்று கேட்கத் தொடங்குகிறாள் சிறுமி. கேள்வி முடியுமுன், இனிக் கேள்வி வேண்டாம், உறங்கு என்று தந்தை முடித்துவிடுகிறார். அவ்வளவுதான். அடுத்த இயலில் கதை வேறு வழியில் போய்விடுகிறது. அறுபத்தெட்டு வயது மூதாட்டி தம் நூலில் அக்கேள்வியை எழுதினாரே, அதற்காக அவரை மதிக்கிறோம். விடையை எழுதவில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

இன்னோரிடம். ஒசேஜ் மக்கள் இல்லாத வேளையில் தந்தை பெண்மக்களை அவர்களுடைய பழைய பாசறைக்கு அழைத்துச் செல்கிறார். தரையில் வண்ண மணிகள் சிதறிக் கிடக்கின்றன. மேரியும் லாராவும் பொறுக்குகிறார்கள். வீடு திரும்பியதும் மேரி தன் மணிகளைக் குழந்தை கேரிக்குக் கொடுத்துவிடுகிறாள். லாராவுக்கு மனமில்லை, ஆயினும் கொடுக்கிறாள். தன்னலம் துறப்பதைப் பற்றி இதனினும் அழகாக மறைக்கல்வி ஆசிரியர்கூடக் கதை சொல்ல முடியாது. ஆனால் அம்மணிகளைக் கோத்த கை எது, அவற்றை அணிந்திருந்த கழுத்து எது என்று நூலில் யாரும் கேட்கவில்லை. தரையில் விழுந்த மணியை ஒரு குழந்தை பொறுக்கியதைக் களவென்று யாம் சொல்ல வரவில்லை. பிறருடைய பொருளை வைத்துக்கொண்டு ஈகையைக் கற்பிக்கும் அந்த எளிமைதான் அச்சம் தருகிறது.

ஒசேஜ் மக்கள் ஏன் அங்கில்லை? அவர்கள் வசந்தத்தில் சோளமும் அவரையும் பூசணியும் விதைத்துவிட்டு, கோடையில் எருமை வேட்டைக்கு மேற்கே போய், அறுவடைக்குத் திரும்புவார்கள். அவர்கள் வேட்டைக்குப் போயிருந்த காலங்களில் குடியேறியவர்கள் அவர்களுடைய விளைச்சலையும் உடைமைகளையும் கொள்ளையிட்டனர். அரசின் முகவராய் இருந்த குவேக்கர் சபையினர் ஐசக் கிப்சன், இவ்விரு சாராரில் காட்டுமிராண்டிகள் யாவர் என்று 1870-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே கேட்டுவிட்டார். வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் போனவர் வீட்டை ஆளற்ற வீடு என்று யாரேனும் சொல்வார்களா?

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் 1891-ஆம் ஆண்டுத் திருமடலைச் சிலர் எடுத்துக்காட்டக்கூடும். உழுது பண்படுத்திய நிலத்தில் உழைப்பவனின் முத்திரை விழுகிறது, ஆகவே அது அவனுக்கு உரியது என்று அவர் கற்பித்தாரன்றோ என்பர். கற்பித்தார். உழைப்பு உரிமை தரும் என்றாரேயன்றி, பிறர் உரிமையை உழைப்பு அழிக்கும் என்று சொல்லவில்லை. ஆகாபு மன்னனும் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தில் கீரை பயிரிடத்தான் விரும்பினான். கீரை பயிரிடுவது நல்ல தொழில். எலியா அவனிடம் கீரையைப் பற்றிப் பேசவில்லை.

நூலின் முடிவு இன்னும் வியப்புக்குரியது. குடியேறியவர்களைப் படைவீரர் வந்து துரத்தப்போகிறார்கள் என்னும் செய்தி கேட்டுத் தந்தை வெகுண்டு, வீட்டையும் உழுத நிலத்தையும் விட்டுப் புறப்படுகிறார். படிக்கும் பிள்ளையின் கண் கலங்கும். அரசு இவர்களை ஏமாற்றிவிட்டதே என்று நெஞ்சு கொதிக்கும். நடந்ததோ தலைகீழ். 1870 ஜூலையில் அமெரிக்கப் பேரவை இயற்றிய சட்டம் ஒசேஜ் மக்களை இன்றைய ஓக்லஹோமாப் பகுதிக்கு அனுப்பியது. அவர்களுடைய நிலத்தை ஏக்கர் ஒன்றேகால் டாலருக்கு, அதில் அத்துமீறிக் குடியேறியவர்களே வாங்கிக்கொள்ள வழி செய்தது. இங்கல்ஸ் குடும்பம் 1871-இல் திரும்பியதற்குக் காரணம், விஸ்கான்சினில் அவர்கள் விற்றிருந்த வீட்டை வாங்கியவரால் பணம் செலுத்த முடியாமற் போனதுதான். இழந்தவனை அச்சுறுத்துபவனாகவும், எடுத்தவனை இழந்தவனாகவும் கதை மாற்றிவிட்டது. இது எட்டாம் கட்டளையையும் தொடும் செய்தி.

'தம் கையே தமக்குதவி' என்று வாழ்ந்த குடும்பம் என்பதும் இந்நூல்களைப் புகழ்வோர் வழக்கமாகச் சொல்வது. அதையும் சற்று உரசிப் பார்ப்போம். வெட்டுக்கிளிகள் மினசோட்டா விளைச்சலை அழித்த 1875-இல், கையில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துத் தந்தை அரசின் நிவாரண மாவைப் பெற்றார். நூலில் அது இல்லை. 1879-இல் கண்பார்வை இழந்த மேரி, 1881 முதல் அயோவா மாநிலத்தின் வின்டன் நகரில் பார்வையற்றோர் கல்லூரியில் பயின்றதற்குத் தக்கோட்டா ஆட்சிப்பகுதி அரசே கல்விக் கட்டணம் செலுத்திற்று. நூலிலோ குடும்பத்தின் சிக்கனமும் லாராவின் உழைப்புமே அவளைப் படிக்கவைக்கின்றன. பின்னர் தக்கோட்டாவில் அவர்களுக்குக் கிடைத்த 160 ஏக்கரும் 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு கொடுத்ததே. கைப்படிகளைத் திருத்திச் செப்பனிட்ட மகள் ரோஸ் வைல்டர் லேன், ஏழைகளுக்கு அரசு உதவுவதையே வெறுத்த அரசியல் கருத்தினர் என்பதை இங்கு நினைவில் கொள்ளலாம். பிறர் உதவியால் வாழ்ந்ததில் இழிவு ஏதுமில்லை. அதை மறைத்து, உதவி கேட்கும் ஏழையை நாணச் செய்வதில் உண்டு.

கான்சாசில் குடும்பம் முழுவதும் காய்ச்சலில் வீழ்ந்து கிடந்தபோது அவர்களைக் காத்தவர் ஜார்ஜ் டான் என்னும் கறுப்பின மருத்துவர். நூலிலும் அவர் வருகிறார். 1941-இல் வந்த நூலிலோ, அதே தந்தை முகத்தில் கரி பூசிக் கறுப்பர் வேடமிட்டு ஊராரைச் சிரிக்கவைக்கிறார். நூலும் உடன் சிரிக்கிறது.

இவ்வளவும் சொல்லும் நாம் தூயவரா? ஒசேஜ் நிலத்தில் 1847 முதல் இயேசு சபையினரின் மறைப்பணித் தளம் இருந்தது. ஹாலந்து நாட்டு அருட்தந்தை ஷூன்மேக்கர்ஸ் 1883-இல் இறக்கும்வரை அங்கிருந்தார். இத்தாலியரான அருட்தந்தை பொன்சிலியோனே, அம்மக்கள் பெயர்ந்த பின்னும் அவர்களைத் தேடிக் குதிரையில் போனார். நம் உள்ளத்தை நிறைக்கும் வரலாறு. ஆயினும் 1865-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அத்தளத்துக்கும் ஒரு சதுர மைல் நிலம் எழுதப்பட்டது. 1537-இல் திருத்தந்தை மூன்றாம் சின்னப்பர், அமெரிக்கப் பழங்குடியினர் கிறிஸ்தவரல்லாதவராயினும் அவர்தம் உரிமையையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று எழுதினார். அதற்கு முந்திய 1455, 1493-ஆம் ஆண்டுத் திருத்தந்தையர் ஆணைகளோ அரசர்களுக்கு நாடு பிடிக்கக் கருவியாயின. அவ்வாணைகளின் பேரில் எழுந்த 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' 2023 மார்ச் 30 அன்று உரோமை வெளிப்படையாக மறுத்துரைத்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலையில் கனடா சென்று பழங்குடி மக்கள்முன் மன்னிப்பு வேண்டினார். பேதுருவின் வழித்தோன்றலே பாவ அறிக்கை செய்துள்ளபோது, ஒரு கதைப்புத்தகத்தைக் கேள்வியின்றிக் காப்பாற்ற நாம் ஏன் இத்துணைத் துடிக்க வேண்டும்?

அப்படியானால் நூல்களை அகற்றிவிடலாமே என்பார் வேறு சிலர். 1954-இல் இவ்வம்மையார் பெயரால் ஏற்பட்ட சிறுவர் இலக்கிய விருதுக்கு அமெரிக்க நூலகர் சங்கப் பிரிவு 2018-இல் வேறு பெயர் சூட்டியது. விருதுக்குப் பெயரிடுவது அவர்கள் உரிமை. நூலை ஒளித்துவைப்பதை மட்டும் ஏற்க மாட்டோம். ஒளித்துவைத்தால், தந்தை உறங்கச் சொன்ன அந்தக் கேள்வியும் அதனோடு உறங்கிவிடும். முதற்பதிப்பின் தொடக்கத்தில், அந்நிலத்தில் பழங்குடியினர் மட்டும் வாழ்ந்தனர், 'மக்கள்' இல்லை என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் இருந்தது. 1952-இல் வாசகர் ஒருவர் கண்டித்து எழுதியபோது, எண்பத்தைந்து வயது அம்மையார் தம் பிழையை ஒப்புக்கொண்டார். 1953-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மக்கள்' என்பது 'குடியேறியவர்கள்' என மாறிற்று. அறிவுள்ள அச்செயலைச் சிறுவருக்குச் சொல்லலாம். பெரியவர் ஒருவர் பிழையை ஒப்புக்கொள்வதைப் பிள்ளைகள் நம் வீடுகளில் அடிக்கடி காண்பதில்லை.

சிறு பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியுமா என்போர், அந்நூலின் இறுதிப் பகுதியைப் படிக்கட்டும். ஒசேஜ் மக்கள் நிரைநிரையாய் வீட்டுவாசலைக் கடந்து போகின்றனர். ஒரு தாயின் குதிரைமேல் கூடையிலிருந்த குழந்தையின் கருவிழிகள் லாராவை நோக்குகின்றன. அக்குழந்தை வேண்டும் என்று அவள் கதறி அழுகிறாள். நம்மிடம்தான் ஒரு குழந்தை இருக்கிறதே என்கிறாள் தாய். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, அதன் கண்களைப் பற்றி மட்டும் ஏதோ சொல்கிறாள். பெரியவர்கள் எவருக்கும் தோன்றாத ஏதோ ஒன்று அங்கு ஒரு சிறுமிக்குத் தோன்றிவிட்டது.

ஒன்பது நூல்களையும் நூலகத்தில் வைத்துவிட்டோம். ஒஜிப்வே பழங்குடி வழிவந்த லூயிஸ் எர்ட்ரிக் 1999-இல் வெளியிட்ட 'த பிர்ச்பார்க் ஹவுஸ்' என்னும் நூலையும் வரவழைத்து அவற்றின் அருகில் வைத்திருக்கிறோம். 1847-இல் சுப்பீரியர் ஏரித் தீவொன்றில் வாழும் ஒஜிப்வே சிறுமியின் கதை. அவள் வீட்டிலும் சமையல் உண்டு, தாய் தந்தை உண்டு, அம்மை நோய் கொண்டுபோன தம்பி உண்டு. முதல் நற்கருணை வகுப்பில் ஏழாம் கட்டளை வரும் ஞாயிறன்று நாபோத்தின் கதையை வாசித்துவிட்டு, அந்த மணிகளின் கதையையும் சொன்னோம். நூல்களைத் தந்த அன்பருக்கு எம்மேல் சற்று வருத்தம். புல்வெளி நூலைச் சென்ற வாரம் எடுத்துப்போனவள் அவருடைய பேத்திதான்.