யூதன் என்பது வசைச்சொல்லா?

 

சேலம் கடைவீதியானாலும் சரி, நாமக்கல் லாரிப் பட்டறையானாலும் சரி, கந்துவட்டிக்காரனைத் திட்ட நம்மில் சிலருக்கு ஒரு சொல் தயாராக இருக்கிறது: "சரியான யூதன்!" இரண்டு ஜமாஅத்துகள் மோதிக் கொண்டால், "இது யூதச் சதி" என்று முடித்து விடுகிறார்கள். சோப்பு, பற்பசை, குளிர்பானம் என்று பட்டியல் போட்டு, "யூதப் பொருட்களை வாங்காதீர்" என நோட்டீஸ் அடித்து ஜும்ஆ முடிந்ததும் கையில் திணிக்கிறார்கள். இவர்களில் ஒரு யூதரையாவது நேரில் பார்த்தவர் எத்தனை பேர்? பார்த்தே இராத ஒரு சமுதாயத்தின் பெயரை வசைச்சொல்லாக்குவது எந்த மார்க்கம் கற்றுத் தந்த நியாயம்?

ஃபலஸ்தீன் விஷயத்தில் நமது நிலையில் எள்ளளவும் மாற்றமில்லை. 1948-ல் சுமார் ஏழு லட்சம் ஃபலஸ்தீனர்கள் வீடு வாசல் இழந்து அகதிகளானார்கள். மேற்குக் கரையும் கிழக்கு ஜெருசலமும் 1967-ல் ஆக்கிரமிக்கப்பட்டன. 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் பல்லாயிரக்கணக்கான உயிர்கள் பறிக்கப்பட்டன. இந்த அநியாயத்தைச் செய்தது இஸ்ரேல் என்ற அரசு. அதற்கு அடிப்படை சியோனிசம் என்ற அரசியல் கொள்கை. யூத சமயமோ, யூதராய்ப் பிறந்த ஒவ்வொருவருமோ அல்ல!

இந்த வேறுபாட்டை அழிப்பதால் யாருக்கு லாபம்? இஸ்ரேலுக்குத்தான்! தன்னை எதிர்ப்பவர் அனைவரும் யூத வெறுப்பாளர்கள் என்று அது உலகுக்குச் சொல்லி வருகிறது. "யூதன் ஒழிக" என்று இங்கே ஒருவர் கத்தும்போது, அந்தப் பொய்க்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.

மாண்டேகு யார்?

1917 நவம்பர் 2 அன்று பால்ஃபர் பிரகடனம் வந்தது. ஃபலஸ்தீனில் யூதருக்குத் தேசிய இல்லம் அமைக்க ஆதரவு என்று பிரிட்டன் அறிவித்தது. அந்த அரசுக்குள்ளேயே அதைக் கடுமையாக எதிர்த்தவர் எட்வின் மாண்டேகு. மாண்டேகு - செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவரேதான். இந்தியாவுக்கான அமைச்சர். அவர் ஒரு யூதர்! ஃபலஸ்தீனை யூதர்களின் தாயகம் என்று அறிவித்தால், மற்ற நாடுகளில் வாழும் யூதர்கள் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கப்படுவார்கள் என்று அவர் வாதாடினார்.

இன்னும் கேளுங்கள். துருக்கி மீது திணிக்கப்பட்ட செவ்ரே ஒப்பந்தத்தைத் திருத்தக் கோரி, கிலாஃபத் விஷயத்தில் இந்திய முஸ்லிம்களின் கொதிப்பை எடுத்துச் சொல்லி இந்திய அரசு ஒரு தந்தி அனுப்பியது. அதைப் பகிரங்கமாக வெளியிட மாண்டேகு அனுமதித்தார். அதற்காகவே 1922 மார்ச்சில் அவரது பதவி பறிபோனது. நம் பாட்டனார்களின் கோரிக்கை வெளியே வரக் காரணமாகி நாற்காலியை இழந்த மனிதரின் சமுதாயப் பெயரா நமக்கு வசைச்சொல்?

ஒரே செப்பேட்டில் கையெழுத்து

வணிகச் சகோதரர்கள் கவனிக்க வேண்டும். 849-ம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு உரிமைகள் வழங்கியது. அதன் சாட்சிகள் அரபு எழுத்திலும், பஹ்லவி எழுத்திலும், ஹீப்ரு எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நம் கடற்கரை வாணிபத்தில் முஸ்லிமும் யூதரும் ஒரே ஏட்டில் சாட்சி நின்றவர்கள்.

அந்த உறவு செத்துவிடவில்லை. கொல்கத்தாவில் 1881-ல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியில் இன்று படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள். அந்நகரின் யூத ஆலயங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்து வருபவர்கள் முஸ்லிம்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 2019-ல் 96 வயதில் இறந்த சாரா கோஹன் அம்மையாரை, பிள்ளையைப் போல் கடைசி வரை கவனித்துக் கொண்டவர் ஒரு முஸ்லிம்.

"யூதர் அனைவரும் ஒன்று" என்று முழங்கும் இஸ்ரேல், இந்தியாவிலிருந்து போன யூதர்களை எப்படி நடத்தியது? மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரேல் மக்கள் உண்மையான யூதர்கள்தானா என்று அங்குள்ள தலைமை மதகுருமார் சந்தேகம் கிளப்பி, அவர்களின் திருமணங்களுக்கு முட்டுக்கட்டை போட்டனர். 1964-ல் அம்மக்கள் ஜெருசலத்தில் வீதியில் அமர்ந்து போராடிய பிறகுதான் அரசு இறங்கி வந்தது. ஆக, ஒவ்வொரு யூதருக்கும் நாங்களே பிரதிநிதி என்ற இஸ்ரேலின் கூற்றை நாம் ஏன் ஏற்க வேண்டும்? 2023 அக்டோபரில் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் காஸாவுக்காக மறியல் செய்து நூற்றுக்கணக்கானோர் கைதானார்களே, அந்தப் போராட்டத்தை நடத்தியது யூதர்களின் அமைப்புதான்!

அதே கத்தி, நம் கழுத்தில்

ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒட்டுமொத்தச் சமுதாயத்தையும் கூண்டில் ஏற்றும் வித்தையை நம்மை விட அதிகம் அனுபவித்தவர் யார்? 2020-ல் கொரோனாவைப் பரப்பியது முஸ்லிம்கள்தான் என்று பழி சுமத்தி, வடமாநிலங்களில் தள்ளுவண்டிக் காய்கறி வியாபாரியைக் கூட தெருவுக்குள் விடாமல் விரட்டினார்கள். மேட்டூரைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2022 மார்ச்சில் கோவில் திருவிழாக்களில் முஸ்லிம்கள் கடை போடக் கூடாது என்று பேனர் கட்டினார்கள். "முஸ்லிம் கடையில் வாங்காதே" என்பது அக்கிரமம் என்றால், "யூதன் பொருளை வாங்காதே" என்பது மட்டும் எப்படி நீதியாகும்?

ஆக்கிரமிப்புக்குத் துணை போகும் நிறுவனத்தைப் புறக்கணியுங்கள். அது நம் உரிமை. ஆனால் நோட்டீஸில் நிறுவனத்தின் பெயரும் அது செய்த காரியமும் ஆதாரத்தோடு இருக்கட்டும். முதலாளியின் மதம் எதற்கு?

ஹிட்லர் செய்தது சரி என்று பேசும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 60 லட்சம் யூதர்களைக் கொன்று குவித்தவன் அவன். 1939-ல் கோல்வால்கர் பெயரில் வெளிவந்த நூல், ஜெர்மனி யூதர்களை ஒழித்துக் கட்டியதை இந்துஸ்தானத்துக்கு நல்ல பாடம் என்று மெச்சியது. அந்தப் பாடம் இங்கே யாருக்கு எதிராக எழுதப்பட்டது என்று புரிகிறதா? அதே முகாம் இன்று இஸ்ரேலுக்குக் கொடி பிடிக்கிறது. அன்று யூதரை அழித்தவனுக்குப் பாராட்டு, இன்று ஃபலஸ்தீனரை அழிப்பவனுக்குப் பாராட்டு! அந்த வரிசையில் போய் நிற்க நமக்கென்ன தலையெழுத்து?

2008 நவம்பரில் மும்பை நரிமன் ஹவுஸில் யூத மதகுருவும் அவர் மனைவியும் கொல்லப்பட்டார்கள். மும்பை முஸ்லிம்கள் என்ன செய்தார்கள்? அந்தத் தாக்குதல்காரர்களின் பிணங்களுக்கு எங்கள் கப்ருஸ்தானில் ஆறடி மண்ணும் கிடையாது என்று மறுத்தார்கள். அதுதான் ஈமானிய முதுகெலும்பு!

நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது, அவர்களின் கவச ஆடை வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடமானத்தில் இருந்ததை அறிவோம். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்தபோது எழுந்து நின்று, அதுவும் ஓர் உயிரே என்பதை உணர்த்தினார்கள். ஒரு கூட்டத்தார் மீதான பகை நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்பது அல்குர்ஆன் இட்ட கட்டளை.

எனவே இமாம்களே, மிம்பரில் இஸ்ரேலின் அநியாயத்தைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள். "யூதச் சதி" என்ற சோம்பேறிப் பேச்சை விடுங்கள். வணிகர்களே, உங்கள் கடையில் அந்த வசைச்சொல் ஒலித்தால் அங்கேயே தடுங்கள். இளைஞர்களே, அடுத்த நோட்டீஸ் அடிக்கும் முன் ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரம் கேளுங்கள். நீதியின் மீது உறுதியாக நிற்கும் சமுதாயமாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்குவானாக!