கைக்கு ஒரு 'டக்' வேண்டும்!

நாடி பார்க்க நாங்கள் மூன்று விரல்களை வைப்போம். வாதம் ஆள்காட்டி விரலில், பித்தம் நடுவிரலில், கபம் மோதிர விரலில். கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும். லேத், பவர் பிரஸ் ஓட்டுகிற உங்கள் கைக்கும் அந்த ஞானம் உண்டு. லீவர் 'டக்'கென்று விழுந்தால் போதும். கண் வேலையிலேயே இருக்கலாம்.

வழவழப்பான தொடுதிரையில் அந்த 'டக்' ஏது? அழுத்தினோமா, இல்லையா என்று திரும்பிப் பார்க்கணும். அந்த ஒரு நொடியில் விரலே போய்விடலாமே!

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானத்தில் சக்கரத்துக்கும் இறக்கை மடிப்புக்கும் ஒரே மாதிரி சுவிட்சுகள், பக்கத்துப் பக்கத்தில். தரையிறங்கிய பைலட்டுகள் மாற்றிப் போட, விமானம் வயிறு தட்டியது. அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியல் நிபுணர், ஒன்றுக்குச் சக்கர வடிவம், இன்னொன்றுக்கு ஆப்பு வடிவம் கொடுத்தார். தொட்டாலே தெரிந்தது.

முதலாளிமார்களே, திரை இருக்கட்டும். ஓட்டவும் நிறுத்தவும் நிஜமான பட்டன் வையுங்கள். தொழிலாளத் தம்பிகளே, அதிர்கிற கருவியைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்தாலோ, வெளுத்தாலோ தைலம் தேய்த்துவிட்டு சும்மா இருந்துவிடாதீர்கள். சர்க்கரை வியாதியிலும் விரல் மரக்கும். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். தேறும்வரை வேறு வேலை கேளுங்கள்.