பளபளவென்று திரும்பி வந்த ரெயில் பெட்டி. பொதுஜனம் ஏற முடியாது!

ரெயில் வந்து நிற்கிறது. கடைசியில் ஒரு பெட்டி. கருஞ்சிவப்பு நிறம். தங்க எழுத்து. பின்பக்கம் பித்தளைக் கம்பி போட்ட தாழ்வாரம்.

குழந்தைகள் சும்மா இருக்குமா? நேரே அந்தப் பெட்டிக்குத்தான் ஓடும்.

"அது இல்லை கண்ணு, முன்னாலே போய் ஏறிக்கோ" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

பெட்டியின் பெயர் "லில்லி பெல்". ஓடுகிற இடம், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்கா. அந்தப் பெட்டிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நடுவில் மரம் இற்று, பட்டறைக்குப் போய், வைத்தியம் பார்த்துக்கொண்டு புதுப்பெண் மாதிரி திரும்பி வந்தது. ரெயில் பைத்தியங்களுக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோ எடுத்துத் தள்ளினார்கள்.

எல்லாம் சரி. யார் உட்காருவதற்காகத் திரும்பி வந்தது என்று கேட்டால்தான் சங்கடம்.

பொண்டாட்டி பெயர்

கதை பழையது. மிக்கி மவுஸ் புகழ் வால்ட் டிஸ்னிக்கு ரெயில் என்றால் உயிர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே குட்டி ரெயில் விட்டவர் அவர். அரை மைல் தண்டவாளம். 1950-ல் ஓட ஆரம்பித்த அந்தக் குட்டி நீராவி என்ஜினுக்கு, மனைவி லில்லியன் பெயரைச் சுருக்கி "லில்லி பெல்" என்று பெயர் வைத்தார்.

பெயர் வைத்தால் மட்டும் அந்த அம்மாள் மசிந்துவிடுவாரா? "என் பூச்செடி பக்கம் ரெயில் வரக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிஸ்னி என்ன செய்தார் தெரியுமா? பூச்செடிகளுக்கு அடியில் 90 அடி நீளத்துக்குச் சுரங்கம் தோண்டி ரெயிலை உள்ளே விட்டார்! மனைவியிடமும் இரண்டு மகள்களிடமும் "ரெயில் போக வழி விடுகிறோம்" என்று வக்கீல் பத்திரம் மாதிரி எழுதி, விளையாட்டாகக் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொண்டார். கோடீசுவரர் வீட்டிலும் சமையல்கட்டு உத்தரவுக்கு அப்பீல் கிடையாது.

அந்த ஆசைதான் பெரிதாகி டிஸ்னிலேண்ட் ரெயில் ஆனது. 1955 ஜூலை 17-ந்தேதி பூங்கா திறந்தபோது டிஸ்னியே என்ஜின் மேல் நின்று வந்தார். கூட நின்றவர் கலிபோர்னியா கவர்னர் குட்வின் நைட். தண்டவாளத்தின் அகலம் 3 அடி. பூங்காவை ஒரு சுற்று சுற்றினால் ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகம்.

பயணிகள் ரெயிலுக்கு ஆறு பெட்டிகள் செய்தார்கள். கடைசிப் பெட்டிக்கு "கிராண்ட் கேனியன்" என்று பெயர். பின்னால் தாழ்வாரத்தோடு, வேடிக்கை பார்க்க வசதியான பெட்டி.

இந்த இடத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த நாளில் கிராண்ட் கேனியன் பொதுஜனப் பெட்டி. டிக்கெட் வாங்கிய எந்தப் பிள்ளையும் அதில் உட்காரலாம். மெக்கானிக் மகனும் உட்காரலாம், மந்திரி மகனும் உட்காரலாம்.

ராஜா வந்தார்

ஆறு பெட்டியும் அழகுதான். ஆனால் தொல்லை பிடித்தவை. மூடின பெட்டி, ஏற இறங்க ஓரத்தில்தான் வழி. நம்ம ஊர் டவுன் பஸ்சில் பின்படிக்கட்டில் கூட்டம் அடைத்துக்கொள்வது மாதிரி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நெரிசல். போதாக்குறைக்கு 1958-ல் பாதையோரம் கிராண்ட் கேனியன் பள்ளத்தாக்கை ஓவியமும் பொம்மை மிருகங்களுமாகக் காட்சி வைத்தார்கள். 1966-ல் அதற்கு அடுத்தாற்போல் ராட்சதப் பல்லிகளின் ஆதிகால உலகம் வந்தது. எல்லாம் பக்கவாட்டில். மூடின பெட்டியில் நேராகப் பார்த்து உட்கார்ந்தவனுக்கு முன் சீட்டுக்காரன் பிடரிதான் தெரிந்தது! திறந்த பெட்டிகள் அந்த வேலையைச் சுலபமாகச் செய்தன. 1970-களின் முதல் பாதியோடு மூடின பெட்டிகள் ஓரம் கட்டப்பட்டன.

அப்போதுதான் கடைசிப் பெட்டிக்கு மட்டும் யோகம் அடித்தது. டிஸ்னி 1966-லேயே காலமாகிவிட்டார். அவர் மனைவி பெயரில் அந்தப் பெட்டியை ஒரு "சலூன்" ஆக மாற்றினார்கள். சலூன் என்றதும் முடிவெட்டும் கடை என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய ரெயில்வே அதிகாரிகள் சோபாவில் சாய்ந்துகொண்டு போவார்களே, அந்த சலூன். உள்ளே மகோகனி மரம், வெல்வெட் நாற்காலி, கனத்த திரைச்சீலை, பூப்போட்ட கம்பளம், வண்ணக் கண்ணாடி, சுவரில் டிஸ்னி குடும்பத்து போட்டோக்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய பிரபு வீட்டு வரவேற்பறையைச் சக்கரத்தின் மேல் தூக்கி வைத்த மாதிரி.

1975 அக்டோபர் 8-ந்தேதி ஜப்பான் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ டிஸ்னிலேண்டுக்கு வந்தார். புதுப் பெட்டியில் முறைப்படி ஏறிய முதல் விருந்தாளி அவர்தான்.

ராஜா ஏறினார்; அன்றோடு பிரஜை இறங்கினான்!

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ரெயிலே டிஸ்னி குடும்பத்தின் சொந்தச் சொத்து. பூங்கா கம்பெனியுடையது, ரெயில் குடும்பத்துடையது. குடும்பத்துக்கு "ரெட்லா" என்று தனிக் கம்பெனி. வால்டர் என்ற பெயரை இங்கிலீஷில் திருப்பிப் போட்டால் ரெட்லா! தன் வீட்டு வரவேற்பறைக்கு யாரைக் கூப்பிடுவது என்பது வீட்டுக்காரர் இஷ்டம். அதில் யாரும் தலையிட முடியாது.

ஆனால் 1982-ல் குடும்பம் அந்த ரெயிலைக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. லில்லியன் அம்மாளும் 1997 டிசம்பரில் காலமாகிவிட்டார். வீட்டுக்காரரும் இல்லை, வீடும் கைமாறிவிட்டது. வாசலில் "வெளியாட்களுக்கு அனுமதி இல்லை" என்ற பலகை மட்டும் ஏன் தொங்க வேண்டும்?

ஐந்து அக்காள் தங்கை

மற்ற ஐந்து பெட்டிகள் என்ன ஆயின? அந்தக் கதை இன்னும் வேடிக்கை.

பல வருஷம் கொட்டகையில் கிடந்தன. 1990-களில் ஒரு பழைய நீராவி என்ஜினுக்குப் பண்டமாற்றாகத் தனியார் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய புடவையைப் போட்டுப் பாத்திரம் வாங்குகிற வியாபாரம்தான். வந்த என்ஜினாவது உருப்படியா? தங்கள் ரெயிலுக்கு ஒத்து வரவில்லை என்று அதையும் இன்னொரு பூங்காவுக்குத் தள்ளிவிட்டு வேறு என்ஜின் வாங்கினார்கள். பெட்டிகள் கை மாறி, கலிபோர்னியாவிலேயே சாண்டா மார்கரிட்டா என்ற பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தன.

பொதுஜனம் உட்கார்ந்த ஐந்து பெட்டி வெளியே போயிற்று. வி.ஐ.பி. உட்கார்ந்த ஒரு பெட்டி வீட்டோடு தங்கியது. யாரோ திட்டம் போட்டுச் செய்த சதி என்று சொல்ல முடியாது. கையில் கிடைத்த பொருளில் எதை வேண்டும் என்று வைத்துக்கொள்கிறோம், எதை வேண்டாம் என்று கழிக்கிறோம் என்பதில் மனசு தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

மரமும் மழையும்

மரப்பெட்டியைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை அல்ல. கூரை இடுக்கில் தண்ணீர் இறங்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே அடிக்கட்டை மக்கிக்கொண்டிருக்கும். தட்டிப் பார்த்தால்தான் தெரியும். இற்ற கட்டையை மாற்ற வேண்டுமானால் மேலே இருக்கிற பலகையை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழற்றினதை நம்பர் போட்டு வைக்க வேண்டும். பழைய மாதிரியே வளைவு, பழைய மாதிரியே மெருகு. கையில் தொழில் உள்ள தச்சன் கிடைப்பதே கஷ்டம். லில்லி பெல்லுக்கும் 2000-க்குப் பிறகு இந்த மாதிரி பெரிய வைத்தியம் நடந்தது. அதைச் செய்த பட்டறைக்காரர்களுக்கு ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும்.

அந்த ரெயில்வேயில் வேலை செய்கிறவர்கள் கெட்டிக்காரர்கள். 2009 முதல் பூங்காவின் சமையல்கூடங்களில் பொரித்து மீந்த எண்ணெயைச் சுத்தம் செய்து, அதில்கூட நீராவி என்ஜின் ஓட்டினார்கள் என்றால் பாருங்கள்! பஜ்ஜி சுட்ட எண்ணெயில் ரெயில்.

2016 ஜனவரியில் பூங்காவில் "ஸ்டார் வார்ஸ்" பகுதி கட்டுவதற்காக மொத்த ரெயிலையும் நிறுத்தினார்கள். 2017 ஜூலை 29-ந்தேதிதான் மறுபடி ஓடியது. அன்றைக்குக் கூட்டம் அலைமோதியது. ஜனங்களுக்கு அந்த ரெயில் மேல் அவ்வளவு பாசம்.

கேள்வி இங்கேதான் வருகிறது. பழைய பொருளைப் புதுப்பிக்கிறோம் என்றால், எந்த வருஷத்துக்குத் திருப்புகிறோம்? 1955-க்கா, 1975-க்கா? 1955-க்குத் திருப்பினால் அது கிராண்ட் கேனியன். வரிசையாக சீட்டு, யாரும் உட்காரலாம். 1975-க்குத் திருப்பினால் அது லில்லி பெல். வெல்வெட்டும் திரைச்சீலையும். அவர்கள் 1975-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். வெல்வெட் திரும்பி வந்தது. கூடவே கதவுப் பூட்டும் திரும்பி வந்தது.

காசு கட்டினால்?

சுத்தமாக மூடி வைத்திருந்தார்கள் என்று சொன்னால் அது பொய். காலையில் ஸ்டேஷனில் தன்மையாகக் கேட்டால், ஆள் வசதி இருந்தால், ஏற்றிவிட்ட காலமும் உண்டு. விஷயம் தெரிந்தவன் ஏறினான். தெரியாதவன் பல்லைக் காட்டிக்கொண்டு முன் பெட்டிக்குப் போனான். தனிக் கட்டணம் கட்டிச் சுற்றிப் பார்க்க வந்தவர்களை அதில் அழைத்துப் போனதும் உண்டு.

நம்ம நாட்டிலும் இப்படித்தான். அதிகாரிகள் மட்டுமே போய்வந்த ரெயில்வே சலூன்களை 2018-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மார்ச் மாதக் கடைசியில் டெல்லியிலிருந்து கத்ராவுக்கு முதல் பயணம். நல்ல காரியம்தான். ஆனால் சலூனை வாடகைக்கு எடுக்கிற சக்தி எத்தனை குடும்பத்துக்கு உண்டு? பதவி போட்ட பூட்டைத் திறந்து காசு என்கிற பூட்டைப் போட்டால், வெளியில் நிற்கிறவன் வெளியில்தான் நிற்பான்.

"கூட்டத்தை உள்ளே விட்டால் கம்பளம் ஒரே மாதத்தில் கிழிந்துவிடும். ஐஸ்கிரீம் கையோடு பிள்ளைகள் வெல்வெட்டில் துடைக்கும்" என்பது மறுபக்கத்துக்காரர்கள் வாதம். உண்மைதான், துடைக்கும். பெட்டியில் கொள்கிற ஆளும் கொஞ்சம். நாள் முழுக்க எல்லோரையும் ஏற்று என்று யாரும் கேட்கவில்லை.

தினம் ஒரு நடை போதும். காலையில் பூங்கா வாசலில் சீட்டுக் குலுக்கட்டும். நாலு குடும்பத்துக்கு இடம். காசு கிடையாது, சிபாரிசு கிடையாது, "விஷயம் தெரிந்தவர்" சலுகையும் கிடையாது. ஏறுவதற்கு முன் கையைத் துடைக்கச் சொல்லட்டும். ஒரு சுற்றுக்குச் சுமார் 20 நிமிஷம். மீதி நேரம் எந்த ராஜாவை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளட்டும். கம்பளம் தேய்ந்தால் என்ன? மரத்தையே மாற்றினவர்களுக்குக் கம்பளம் மாற்றத் தெரியாதா?

முடியாத காரியம் என்று யாராவது சொன்னால், அவர்கள் அதிக தூரம் போக வேண்டியதில்லை. லில்லி பெல்லோடு பிறந்த அந்த ஐந்து பெட்டிகளில் ஒன்று, சாமானும் பயணிகளும் சேர்ந்து போகிற பெட்டி, இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிபித் பார்க்கில் நிற்கிறது. பக்கத்திலேயே டிஸ்னி தன் தோட்டத்து ரெயிலுக்காகக் கட்டிய மரக் கொட்டகை. அதையும் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே வைத்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

மாதா மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணி முதல் பகல் 3 மணி வரை. டிக்கெட் கிடையாது.